கல்லோடு சேர்த்துப் பத்துப் பேர்

மஞ்சுளாவைப் பர்மாவின் போட்டாதாங் படகுத்துறையில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நாற்பத்தேழு வயது. தலையில் துணித் தொப்பி, தோளில் ஷான் நாட்டுத் துணிப் பை, கழுத்தில் ஒரு விசில். பர்மாக்காரர்களுக்கு அவள் மா ச்சோ, நம்மவர்களுக்கு மஞ்சு அக்கா. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஆற்றுக்கு அக்கரை கூட்டிப்போய், சைக்கிளில் ஏற்றி, தாமரைக்குளம் காட்டி, கடற்காகங்களுக்குத் தீனி போட வைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. முன்பெல்லாம் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் வரத்து நின்றபோது எல்லா வழிகாட்டிகளும் வேறு வேலைக்கு ஓடிவிட்டார்கள், இவள் ஓடவில்லை. உள்ளூர்க் குடும்பங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அவர்களும் மூச்சு விட வேண்டாமா என்று கேட்டு, அவர்களைக் கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

இத்தனைக்கும் அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. படகு ஆடும்போது எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆற்றுப் பயம் அல்ல. அதைவிடப் பெரிய பயம் ஒன்று தாகேதா பேட்டையில் அவள் வீட்டுக்குள் இருந்தது. அதன் பெயர் பிரேம்நாத், வயது இருபத்திரண்டு, அவளுடைய ஒரே பிள்ளை. புருஷன் தங்கவேலு கொரோனாவில் போய்விட்டான். ஆண் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிற சட்டம் வந்ததிலிருந்து, பிள்ளை பெற்ற யாருக்கும் அந்த ஊரில் நிம்மதியான சோறு கிடையாது. கடிதம் வந்து போகிறவர்கள் ஒரு வகை. தெருவில் நின்றவன் வீடு திரும்பாமல் போவது இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மஞ்சுளா வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போடுவாள். யாராவது வந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை என்று போய்விடட்டும் என்று. பதினான்கு மாதம் அப்படிப் பூட்டியிருந்தாள். உள்ளே அவன் மின்விசிறியைக்கூடச் சத்தம் வராத வேகத்தில்தான் வைப்பான்.

அந்த டிசம்பர் ஞாயிறு, மூக்குக்கண்ணாடிக் கடை தியாகராஜன் தன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர், அவர் மனைவி அர்ச்சனா, அவருடைய சின்னம்மா தெய்வானை ஆச்சி, உறவில் ஐந்து பேர். அந்த ஐந்தில் இரண்டு பேர் அவர் அண்ணன் பிள்ளைகள், இருபதும் இருபத்து மூன்றும். ஆக எட்டு. மஞ்சுளாவோடு ஒன்பது.

ஒன்பது பேராகப் பயணம் கிளம்புவது அந்த ஊரில் ஆகாது. பர்மாக்காரர்கள் வழக்கம் இது, மூன்று தலைமுறையாக அங்கே பிழைத்த நம்மவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒன்பது பேர் என்றால் ஒரு கல்லைப் பொறுக்கி, நீதான் பத்தாவது ஆள் என்று சொல்லிக் கூடவே எடுத்துப் போக வேண்டும். ஆள் என்றால் ஆள்தான். எண்ணும்போது அதையும் எண்ண வேண்டும். வீடு திரும்பும்வரை நடுவழியில் போட்டுவிடக் கூடாது. படகுக்கார ஊ மியா இதில் மகா கறார், கல் இல்லாமல் ஒன்பது பேரை ஏற்றவே மாட்டார். முதல்நாள் சாயங்காலமே மஞ்சுளா வாசலில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்து, கழுவி, பையில் போட்டுக்கொண்டாள். படகுக்கார‌ருக்கும் பத்துப் பேர் என்று சொல்லிவிட்டாள்.

காலையில் பூட்டைக் கையில் எடுத்துத் திரும்பினால், பிரேம் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நானும் வரேம்மா."

"உனக்கென்ன பைத்தியமா?"

"பாலா அண்ணன் தாய்லாந்துக்குப் போயிட்டாரு. சைக்கிள் வரிசையில கடைசியில வர ஆளு இல்ல உங்களுக்கு. நான் வரேன். ஞாயித்துக்கிழமை, குடும்பத்தோட போறோம், யாரு கேப்பா?" என்றவன் குரலை இறக்கினான். "இந்தச் சுவத்தையே பாத்துட்டிருந்தா நானே ஒருநாள் கதவை உடைச்சிட்டு ஓடிருவேம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெயில் படாமல் வெளுத்து, வீங்கினாற்போல் இருந்தது. சரி என்றாள். போனை மட்டும் வாங்கி வீட்டிலேயே வைத்தாள். வழியில் மறித்தால் முதலில் போனைத்தான் நோண்டுவார்கள்.

மஞ்சுளா ஆள் எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். தலையை அவள் எண்ண மாட்டாள். ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவாள், நின்று கிளம்புகிற இடத்திலெல்லாம் வரிசையாக அவரவர் எண்ணை அவரவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துறையில் வைத்து எண் கொடுத்தாள். அவள் ஒன்று, தியாகராஜன் இரண்டு, அர்ச்சனா மூன்று, ஆச்சி நான்கு. அண்ணன் பிள்ளைகள் எட்டும் ஒன்பதும். பத்து, கல். கல்லுக்காக அவளே குரலை மாற்றிப் "பத்து" என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள்.

"நாந்தான் வந்துட்டேனே, இப்ப பத்துப் பேராயிட்டோம். கல்லு எதுக்கு?" என்று கல்லைத் தூக்கி எறியப் போவதுபோல் காட்டிக் கேட்டான் பிரேம்.

"ஆளுன்னு சொல்லிட்டா ஆளுதான், எறக்கி விடக்கூடாது" என்று ஊ மியா பர்மிய மொழியில் அதட்டினார்.

"கல்லுக்குப் பத்து, எனக்குப் பதினொண்ணா? நல்லாருக்கும்மா நியாயம்" என்று அவன் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடற்காகங்கள் படகைச் சுற்றிக் கூச்சல் போட்டன. ஆச்சி தண்ணீரைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே தீனியை எறிந்தார். பிரேம் அர்ச்சனாவின் போனை வாங்கி ஒரே படத்தில் எட்டுப் பேரையும் பதினைந்து பறவைகளையும் பிடித்தான். அக்கரையில் தவ்ஹீத் பாயின் கொட்டகையில் சைக்கிள் எடுத்தார்கள். ஆச்சியை மட்டும் சைக்காவில், அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் வண்டியில், ஏற்றினார்கள். கரைமேட்டுப் பாதையில் மஞ்சுளா முன்னே, பிரேம் கடைசியில். தாமரைக்குளத்தருகே அவன் ஷூவைக் கழற்றி, புல்லில் மல்லாந்து படுத்து, வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.  இவனையா பதினான்கு மாதம் பூட்டி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். கிளம்புமுன் எண்ணினார்கள். பத்துக்குப் பின்னால் "பதினொண்ணு" என்று அவன் கத்தியதில் குளத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

திரும்பும் வழியில்தான் ஆரம்பித்தது வினை. எதிரே சைக்கிளில் வந்த கீரைக்காரி, நிற்காமலே, வாயை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். முக்கில் ஆள் பிடிக்கிற வண்டி நிற்கிறது, பையன்களைப் பார்த்துக்கொள்.

மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நேராக வந்துகொண்டிருந்தவர்கள் தியாகராஜனின் அண்ணன் பிள்ளைகள் இருவர். நம்பி அனுப்பிய பிள்ளைகள். முக்குக்குப் போகாமல் வாய்க்கால் ஓரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அதில் திருப்பினாள். "வேகமா, வேகமா" என்று மட்டும் சொன்னாள். ஆற்றில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் அரைமணி போனால் துறையில் சேறுதான் மிஞ்சும் என்று ஊ மியா படகிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள்களைக் கொட்டகை வாசலில் அப்படி அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த இரண்டு பிள்ளைகளைப் படகின் நடுவில் குனிந்து உட்கார வைத்து, அவர்கள் தலையில் தன் துண்டைப் போட்டாள். ஆச்சியைத் தூக்கி ஏற்றினாள். 

"எண்ணுங்க!"

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பயந்த குரலில் சரசரவென்று வந்தது. எட்டு. ஒன்பது. பையிலிருந்த கல்லைத் தொட்டுக்கொண்டு "பத்து" என்றாள் மஞ்சுளா. பத்து. முதல்நாளிலிருந்து அவள் வாயிலும் மனசிலும் ஊறிப்போன பத்து. படகுக்காரரிடம் சொன்னதும் பத்துதான். கணக்குச் சரியாக இருந்தது.

"போலாம்" என்றாள்.

நட்டாற்றில், கடற்காகங்கள் மறுபடி சூழ்ந்துகொண்டன. கரை விலகிய தைரியத்தில் அர்ச்சனா போனை நீட்டினாள். "பிரேம் தம்பியை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க மஞ்சு."

மஞ்சுளா திரும்பினாள். படகு சின்னது. திரும்பிப் பார்த்து யாரையும் தேட வேண்டிய அளவுக்கு அதில் இடமே கிடையாது.

  அவள் படகுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்றவள், கல்லை எண்ணினாள், பிள்ளையை எண்ணவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆளை, ஒரு குடையைக்கூட அக்கரையில் விட்டு வந்ததில்லை என்று பெருமையடித்தவள். அவனிடம் போனும் இல்லை. அதையும் அவளே பிடுங்கி வைத்திருந்தாள்.

"திருப்புங்க" என்றாள் ஊ மியாவிடம், பர்மியத்தில்.

தியாகராஜன் எழுந்தார். நல்ல மனுஷர், ஆனால் அவருக்கும் உதறல் எடுத்துவிட்டது. "மஞ்சு, தப்பா நெனைக்காதீங்க. எங்க பசங்க ரெண்டு பேர் இதுல இருக்காங்க. எங்களை எறக்கி விட்டுட்டு நீங்க உடனே திரும்பிப் போங்க. நானே வேற படகு பேசித் தரேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமை. மஞ்சுளா அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள், அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. வேறு யாருடைய பிள்ளைக்காக இன்னொரு வழிகாட்டி இப்படிக் கேட்டிருந்தால், வேண்டாம், முதலில் இவர்களைக் கரை சேர் என்று அவளே சொல்லியிருப்பாள். 

தெய்வானை ஆச்சி கண்ணை இன்னும் திறக்கவில்லை. மூடியபடியே சொன்னார். "தியாகு, நீ உக்காரு. ரெண்டு பேரையும் தார்ப்பாய்க்கு அடியில படுக்கச் சொல்லு. படகைத் திருப்பச் சொல்லு."

"சின்னம்மா..."

"கொஞ்ச நேரம் முந்தி இவ, தன் புள்ளையை விட்டுட்டு நம்ம புள்ளைங்களைத்தான் துண்டு போட்டு மூடினா. பாத்தேல்ல? திருப்பச் சொல்லு."

ஊ மியாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சுக்கானைத் திருப்பினார்.

துறையில் தண்ணீர் பின்வாங்கிச் சேறு பளபளத்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மஞ்சுளா முழங்கால் சேற்றில் இறங்கி, விழுந்து எழுந்து, கொட்டகைக்கு ஓடினாள். மற்ற சைக்கிள்கள் உள்ளே போயிருக்க, வாசலில் ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது. செயின் கழன்று தொங்கியது.

"பிரே..." என்று அவள் வாயெடுப்பதற்குள் தவ்ஹீத் பாய் கை காட்டினார்.

"பேரைச் சொல்லாதீங்கக்கா. மேட்டுல டீக்கடையில ரெண்டு பேரு உக்காந்திருக்கானுங்க. வண்டி முக்குலேருந்து இங்க வந்துருச்சு."

"எம்புள்ள எங்க பாய்?"

"அல்லா மேல சத்தியமா நான் பாக்கல. உள்ள பஞ்சர் ஒட்டிட்டிருந்தேன். வெளிய வந்தா சைக்கிள் மட்டும் கெடக்கு."

"புடிச்சிட்டானுங்களா?"

 அவர் தலையை ஆட்டினாரா, குனிந்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

மேட்டில் கறுத்த கண்ணாடி போட்ட வண்டி நின்றது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதற்குள் அவன் இருக்கிறானோ? போய்க் கண்ணாடியில் அடிக்கலாமா? இல்லை, எங்காவது ஒளிந்திருந்தால், போய் அடித்து நானே காட்டிக் கொடுத்தவளாகிவிட மாட்டேனா? கூப்பிடவும் முடியாது, தேடவும் முடியாது, நிற்கவும் முடியாது. டீக்கடையிலிருந்து ஒருவன் இவளையே பார்த்தான். ஆற்றங்கரையில் ஒரு பொம்பளை சேறும் சகதியுமாக நின்று என்ன பண்ணுகிறாள் என்று.

பயத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தெரிந்த வேலை ஒன்றுதான். படகைப் பார்த்துத் திரும்பி, விசிலை ஊதினாள்.

"எண்ணுங்க!" என்று தமிழில் கத்தினாள். "ஒண்ணு!"

 தியாகராஜன் புரிந்துகொண்டார். "ரெண்டு!" அர்ச்சனா, "மூணு!" ஆச்சி, கண்ணைத் திறந்து, எல்லோரையும் விட உரக்க, "நாலு!" ஐந்து, ஆறு, ஏழு. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மூச்சுத் திணறலாக எட்டும் ஒன்பதும் வந்தன. "பத்து" என்றாள் மஞ்சுளா.

அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான்.  மஞ்சுளா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, படகிலிருந்தவர்களைப் பர்மிய மொழியில் திட்டினாள். "ஒரு எண்ணைச் சொல்லத் துப்பில்லை, நீங்களெல்லாம் ஊர் பார்க்க வந்துவிட்டீர்கள்! இருட்டுமுன் நான் வீட்டுக்குப் போக வேண்டாமா? முதலிலிருந்து!" டீக்கடையில் எவனோ சிரித்தான். நின்றவன் மறுபடி உட்கார்ந்தான்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

கொட்டகைக்கு இருபது அடி தள்ளி, தார் பூசுவதற்காகக் கவிழ்த்துப் போட்ட படகுகள் மூன்று இருந்தன. நடுப் படகுக்கு அடியிலிருந்து, சேற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு குரல்.

"பதினொண்ணு."

எப்படி அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என்பது பெரிய கதையில்லை. தவ்ஹீத் பாய் இரண்டு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்கும் துறைக்கும் நடுவில் வந்து நின்று, டயரைக் குனிந்து பார்த்தார். அந்த மறைவில் அவன் சேற்றோடு சேறாக நகர்ந்து படகில் ஏறிவிட்டான். நட்டாறு தாண்டும்வரை அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

"எப்ப ஒளிஞ்ச?" என்று கேட்டாள் கடைசியில்.

"செயின் கழண்டு பின்தங்கிட்டேன். தள்ளிட்டே வந்து சேந்தா, மேட்டுல வண்டி வருது. படகுக்கு அடியில பூந்துட்டேன். நீங்க ஆச்சியைத் தூக்கி ஏத்தும்போது அங்கதான் இருந்தேன். எண்ணுனீங்களே, கேட்டுச்சு. பத்துன்னு சொன்னதும் அடுத்தது என் நம்பர், சத்தம் குடுத்துட்டு ஒரே ஓட்டமா வந்துரலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள போலாம்னுட்டீங்க."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ஊர் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் அழுதது அது ஒருமுறைதான்.

"திரும்பி வந்து எண்ணுனப்ப, முதல் தடவையே ஏண்டா சொல்லல?"

"என்னையும் சேத்துத்தான் எண்ணுறீங்களான்னு தெரியலம்மா."

 வீட்டுக்கு வந்ததும் வழக்கப்படி கல்லை வாசலில் இறக்கி வைத்தாள். பூட்டை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள், பிறகு அதைப் பழைய சாமானோடு போட்டாள். பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்துபோயிற்று. ஜனவரியில், பாலா போன வழியிலேயே பிரேமும் எல்லை தாண்டிப் போனான். பெயர் எழுதாதே, ஊர் எழுதாதே, போனை யார் பார்ப்பார்களோ என்று சொல்லி அனுப்பினாள். அவனும் அப்படியே செய்கிறான். தினமும் சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு செய்தி வரும். அதில் 11 என்று மட்டும் இருக்கும்.

மஞ்சுளா இப்போதும் ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அக்கரை போகிறாள். தாமரைக்குளம், கரைமேட்டுப் பாதை, கடற்காகங்கள், எல்லாம் உண்டு. ஆறு பேர் வந்தாலும் பதினாறு பேர் வந்தாலும், எல்லோரும் எண்ணி முடித்த பிறகு, படகு கிளம்புமுன் அவள் மெதுவாக "பதினொண்ணு" என்று சொல்லி, ஒரு கணம் கரையைப் பார்த்து நிற்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

"ஆறுக்கு அப்புறம் பதினொண்ணா? யாருக்கா அது?" என்று போன வாரம் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

நேரம் ஐந்தரை. அன்றைய செய்தி இன்னும் வந்திருக்கவில்லை. மஞ்சுளா போனைப் பார்த்தாள், பைக்குள் போட்டாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"கல்லு" என்றாள்.